குதிமுள் சத்தம்

நாஷ்வில், ஜூலை 1951

அன்புள்ள அம்மா,

நேற்று ஸ்டூடியோவில் ஐந்து பெரிய மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்து, கௌபாய் கிறிஸ்துமஸ் பாட்டில் மணிச்சத்தம் கூடாது, குதிரையை விரட்டப் பூட்ஸில் மாட்டும் குதிமுள்தான் ஒலிக்க வேண்டும் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். இரைச்சல் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பனியைப் பற்றிப் பாடியதில் எல்லோருக்கும் வேர்த்தது, அவ்வளவுதான்.

பாடகர் பக் டாலிவர் சிகாகோக்காரர். குதிமுள்ளைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நடந்து, கம்பளத்தில் சிக்கி விழுந்தார்.

"சிரிக்காதீங்கடா! குதிரை பக்கத்துல வந்தாலே எனக்குத் தும்மல் வரும்."

தயாரிப்பாளர் என் பக்கம் திரும்பினார். "ஹார்லன், இங்க நெசமாவே மாடு மேய்ச்சவன் நீ ஒருத்தன்தான். பிடிலைக் கீழ வெச்சிட்டு இதைக் குலுக்குப்பா."

ஆகவே, பாட்டில் என் பிடிலைக் கவனித்துக் கேளுங்கள் என்று சர்ச்சில் நீ சொல்லிவைத்திருப்பவர்களிடம், 'ஜல்' என்று கேட்பதுதான் உன் மகன் என்று திருத்திச் சொல்லிவிடு.

இங்கிருப்பது வெறும் தகரம். கொட்டகையில் தொங்கும் அப்பாவின் குதிமுள்ளைத் தபாலில் அனுப்பு. துருவைத் துடைக்க வேண்டாம். கூடவே கொஞ்சம் பீக்கன் கொட்டையும் வை. நாய் இப்போது எங்கே படுக்கிறது என்றும் எழுது. தபால்காரர் வந்துவிட்டார்.

ஹார்லன்

பி.கு.: டிசம்பர் சுற்றுப்பயணத்துக்குப் பிடில்காரர் தேவையில்லை என்றதால்தான் கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தேன். குதிமுள்காரர் தேவையாம். இருபத்தைந்தாம் தேதி மினசோட்டாவில் இரண்டு காட்சிகள்.