உன் நாக்கு மீறாத விதி

இன்று உன் அண்ணன் மகனின் மனைவி, மூங்கில் கூடையில் அவித்த குடலை இட்லி அனுப்பியிருந்தாள். மந்தாரை இலையைப் பிரித்ததும் சுக்கும் மிளகும் மூக்கில் ஏறின. பக்கவாதம் வந்த பிறகு நீ என்னிடம் சொன்ன முதல் சொல் நினைவுக்கு வந்தது: "துடலை." அழுகை வரவில்லை. நமக்குள் அந்த வழக்கம் இல்லை.

மொழியியல் படித்த நாட்களில் நாமிருவரும் தொண்டைமேல் விரல் வைத்துக்கொண்டு ‘பல்’, ‘அம்பு’ என்று மாறிமாறிச் சொல்லிப் பார்ப்போம். எழுத்து ஒன்றுதான். சொல்லின் தொடக்கத்தில் அதிராத ப, ‘ம்’முக்குப் பின்னால் வந்தால் விரலடியில் அதிரும். யாரும் கற்றுக்கொடுக்காமலே தமிழ் பேசும் வாய்களெல்லாம் இதைச் செய்கின்றன என்பதில் உனக்குத் தீராத வியப்பு. "தொண்டை வலியாடி ரெண்டு பேருக்கும்?" என்று விடுதிப் பெண்கள் கேலி செய்வார்கள். நீ அசரமாட்டாய். "ஒரு ஒலி தனியா மாறாதுடி. பக்கத்துல இருக்கறதையும் இழுத்துக்கினுதான் போவும்" என்பாய்.

பக்கவாதத்துக்குப் பிறகு நான் பார்க்க வந்த அன்று, சின்ன காஞ்சிபுரத்தில் நீ சம்பாதித்துக் கட்டிய வீட்டில், நீ கேட்கும்படியாகவே உன் அண்ணன் மகன் என்னிடம் சொன்னான்: "அத்தைக்கு மூளை போயிடுச்சும்மா. என்னமோ உளறிக்கினு இருக்குது. செங்கல்பட்டாண்ட ஒரு ஹோம்ல சொல்லி வெச்சிட்டேன்." கெட்டவன் அல்லன், பயந்தவன். நீ ஆவேசமாக மறுத்தாய். அதுவும் அவனுக்கு உளறலாகவே பட்டது. உன் அறிவு பிழைத்திருக்கிறது என்று காட்ட உன்னிடம் எஞ்சியிருந்ததோ பழுதான அந்த நாக்கு ஒன்றுதான்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உன்னைப் பேசவிட்டுக் கேட்டேன். க வர வேண்டிய இடமெல்லாம் த வந்தது. பின்நாக்கு எழ மறுத்ததால் அதன் வேலையை நுனிநாக்கு பார்த்தது. அது நோய். ஆனால் ‘பக்கம்’ என்பது ‘பத்தம்’ ஆனபோது ஒலி வன்மையாகவே நின்றது. ‘மகன்’ என்பது ‘மதன்’ ஆனபோது முறைப்படி மெலிந்தது. ‘தேங்காய்’ வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘தேந்தாய்’ என்றாய். மாறிய ஒலி தனக்கு முன்னிருந்த ங் என்பதையும் ந் ஆக்கி இழுத்துக்கொண்டு போயிருந்தது. தமிழின் விதி ஒன்றைக்கூட நீ மீறவில்லை. உளறுகிறவர்களுக்கு இத்தனை ஒழுங்கு வராது.

"அத்தை சொல்ற ‘த’ புரியலைன்னா அங்க ‘க’ போட்டுப் பாருடா" என்றேன் அவனிடம்.

"இன்னாம்மா இது, விடுகதையா?"

"தண்ணாடி எடுடா, தழுதை!" என்றாய் நீ.

அவன் உதடுகள் முணுமுணுத்துப் பார்த்தன. கண்ணாடியை எடுத்து உன் கையில் கொடுத்த பிறகுதான் மிச்சம் விளங்கியது போலும். "யாரு, நானா கழுதை?" என்று சிரித்துவிட்டான். நீ சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாய்.

"நான் எந்தயும் போவ மாட்டேன்."

அவன் சிரிப்பு நின்றது. வாசலுக்குப் போய் அந்த முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

நீ உன் வீட்டில், உன் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தாய். அதுவரை அவனை நாள் தவறாமல் திட்டவும் செய்தாய். அவன் ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டான்.

அண்மையில் அவன் என்னைத் தேடி வந்தான். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவருக்கும் உன்னைப் போலவே பக்கவாதத்தில் பேச்சு குழறிவிட்டதாம். "நீங்க ஒருவாட்டி வந்து கேளுங்கம்மா" என்றான். போனேன். உன்னிடம் கிடைத்தது அங்கே கிடைக்கவில்லை. ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தது. எந்த விதியும் பிடிபடவில்லை. அவருடைய மகளிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு எழப் பார்த்தேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேலும் பேசினார். மறுபடி உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை கேட்டேன்.

நாளையும் போக வேண்டும்.