முடி வளர்க்கும் மருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முட்டிவலி தேவலையா? தம்பிக்கு மறுபடி வலிப்பு வரலையே?

நேத்து ஆபீஸ்ல எல்லாரையும் உட்கார வெச்சு, தாயம் மாதிரி ஒரு பலகை விளையாட்டு ஆடச் சொன்னாங்க. ஆளுக்கொரு மருந்து கம்பெனி நடத்தணும். வலிப்பு மாத்திரையில லாபம் இல்லைன்னு அதை நிறுத்திட்டு, முடி வளர்க்கிற மருந்துல இறங்கினேன். ஜெயிச்சுட்டேன்! வழுக்கைத்தலை மேனேஜரே எழுந்து கைதட்டினார்.

சிரிச்சுக்கிட்டே கை குலுக்கினப்பதான், தம்பி மாத்திரை இப்ப வர்றதில்லைன்னு சொல்லி மருந்துக்கடைக்காரங்க உன்னைக் கடைகடையா அலையவிட்டது ஞாபகம் வந்துச்சு. கூசிப்போச்சும்மா.

அவனோட பழைய மாத்திரை அட்டை ஒண்ணு அனுப்பு, இங்கே கேட்டுப் பாக்கறேன். கூடவே உன் கையால நாலு வரி எழுது.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் ஜெயிச்சதைத் தம்பிகிட்ட சொல்லிடாதே. எப்படி ஜெயிச்சேன்னு ஆசையா கேப்பான்.

உன் மகன்