ஏற்றாமல் விட்ட ஆள்

பங்குனி 9, செவ்வாய்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. இன்று ஏழுமலை என் உப்பளத்துக்கு வந்திருந்தான். பக்கத்து ஊரான பிரம்மதேசத்துக்காரன், பட்டாளத்தில் எனக்குக் கீழே இருந்தவன். தென்னைக்குப் போட உப்பு வாங்க வந்த இடத்தில் என்னைப் பார்த்துவிட்டான்.

பட்டாளத்தில் இருந்தபோது ஒரு நாள், மலை முகாமிலிருந்து குண்டுப் பெட்டிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தேன். அவன் அப்பா இறந்த செய்தி அப்போதுதான் வந்தது. "ஒரு ஓரமா உக்காந்துக்கறேன் சார்" என்று கெஞ்சினான். வெடிபொருள் போகும்போது வேறு ஆள் ஏறக்கூடாது. மறுத்துவிட்டு, கதவை நானே சாத்தினேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன். அடுத்த ஹெலிகாப்டர் வர மூன்று நாளானது.

"அப்பா முகத்தப் பாத்தியாப்பா?" என்று இத்தனை வருடம் கழித்துக் கேட்டேன்.

"நான் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க சார். விடுங்க, ரூல்ஸ்னா ரூல்ஸ்தானே" என்றான். உப்பு மூட்டையின் வாயைக் கட்டினான். பிறகு, "அன்னிக்கு அந்த ஹெலிகாப்டர் பத்திரமா போய் எறங்கிச்சா சார்?" என்று கேட்டான்.

"எறங்கிச்சு" என்றேன்.

தலையாட்டினான். மூட்டையை வண்டியில் தூக்கிவிடக் கை கொடுக்கப் போனேன்.

"வேணாம் சார். நானே ஏத்திக்கறேன்."