கபிரியேலின் பக்கம்

ரொறன்ரோ
2010 மாசி

அன்பு மகள் செசீலியா,

கல்லடியில் நீ சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்கு இடியப்பக் கடை வேலையில் கைதான் கொஞ்சம் உளைகிறது.

யுத்தத்தின் கடைசியில் காணாமற்போன உன் மகன் கபிரியேலைத் தேடி, உன் தம்பி தோமஸ் இன்டர்நெற்றில் போட்ட பக்கத்தைப் பற்றி ஒரு சின்ன விசயம். தோமஸின் மகனுக்குக் கலியாணம் பேசினோம். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பெயரையும் ஊரையும் அடித்துத் தேட, உன் மகனின் படம்தான் முதலில் வந்ததாம். "இயக்கத்துக் குடும்பமோ?" என்று கேட்டார்கள். பேரன்கள் இருவருக்கும் கபிரியேல் என்று உன் அப்பாவின் பெயரையே வைக்கச் சொன்னது நான்தானே.

"தேடினா வராமப் பண்ணு" என்றேன் தோமஸிடம்.

"அக்காட்ட என்ன சொல்றதம்மா?"

"நான் சொல்றன்."

பக்கம் அழியவில்லை, மகள். பெயரை அடித்துத் தேடுகிறவருக்குக் காட்டாதே என்று, தேடித் தரும் கம்பியூட்டருக்கு அதில் ஒரு வரி எழுதினான், அவ்வளவுதான். முழு முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எழுத்துத் தவறாமல் அடித்தால் நீ பார்க்கலாம். யுத்தம் முடிந்தபின் முகாமில் அவனைக் கண்டவர்கள் யாரும் தேடினால் இனிக் கிடைக்காது. ஒன்பது மாதமாக ஒருவரும் எழுதவில்லைத்தானே. கலியாணம் சரிவந்துவிட்டது. பெரிய இடம்.

இங்கே வருகிறவர் யாரிடமாவது கருவாடு கொடுத்தனுப்பு. சுனாமியில் படமெல்லாம் போனபின் அவனை எடுத்தது பக்கத்தில் இருக்கிற அந்த ஒன்றுதான். அதைத் தாளில் அச்செடுத்து எனக்காகக் கருவாட்டுக்கு அடியில் வை. தோமஸிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைக்கு நேரமாகிறது.

அம்மா