பதினேழாம் பக்கத்து ஆள்

கமுதி
6.1.2025

அன்புள்ள தர்மராஜுக்கு,

தங்கசாமி எழுதுவது. நான் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

விமானத் துறையில் மறைந்தவர்களுக்கு வருஷா வருஷம் நீ போடும் நினைவு மலர் கைக்கு வந்தது. பதினெட்டுப் பேரில் நானும் ஒருவன். பதினேழாம் பக்கத்தில் படம், படத்துக்குக் கீழே இறந்த தேதி. நல்ல காரியம் பண்ணினாய் போ!

நடந்தது இதுதான். கார்த்திகையில் மிளகாய்க் காட்டில் நின்றபோது ஒரு காக்கை என் தலையில் தட்டிவிட்டுப் போனது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். ஆள் செத்துப்போனதாக உறவுக்குப் பொய்ச் சேதி சொல்ல வேண்டும், கேட்டு யாராவது அழுதால் தோஷம் கழிந்தது. என் வீட்டுக்காரி கருத்தம்மாள் ஐந்து பேருக்குப் போன் போட்டாள். நாலு பேர், "காக்கா தட்டிருச்சாக்கும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். சென்னை ஏர்போர்ட்டில் வேலை பார்க்கும் மருமகன் அய்யப்பன் மட்டும் நம்பினான். அவனும் அழவில்லை, விமானம் பழுதுபார்க்கும் நம் பழைய ஹேங்கர் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அரை மணியில் அழித்தானாம். அதற்குள் நீ பார்த்திருக்கிறாய்.

விமானத்தில் பறவை மோதினால் நான் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். என் மேல் மோதியதற்கு நீ போட்டுவிட்டாய்.

போனில் எவனும் என்னைப் போலப் பேசலாம், அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்துக்கொள். உனக்கு மறந்திருக்காது.

தங்கசாமி


சென்னை
12.1.2025

திரு. தங்கசாமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து உங்களுடையதுதான். விசாரிக்காமல் அச்சேற்றியது என் தவறு, மன்னிக்கவும். அடுத்த செய்திமடலில் திருத்தம் வெளியிடுகிறோம். உங்கள் பெயரை மட்டும் நீக்குவதா, குறிப்பு முழுவதையும் நீக்குவதா என்று தெரிவிக்கவும்.

தர்மராஜ்


கமுதி
18.1.2025

ஏலே தர்மராஜ்,

என்னலே 'அவர்களுக்கு'? ஏழு வருஷம் ஒரே வாடகை அறையில் ஒரே சட்டியில் பொங்கித் தின்றோம். செத்தவனுக்கு ஒரு முழுப் பக்கம், இருக்கிறவனுக்கு நாலு வரியா?

அபிராமத்தில் உன் அம்மா கடைசி மூச்சில் கிடந்தார்கள். மதுரை விமானத்தை நீயே ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நின்றாய். எஞ்சினைத் தாங்கும் சட்டத்தில் முடியளவு ஒரு கோடு என் கண்ணில் பட்டது. பறக்கலாம் என்று நான் கையெழுத்துப் போடவில்லை. பஸ் பிடித்து நீ போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. திரும்பி வந்து, "எங்கம்மா மொகத்தப் பாக்கவிடாத கைதாம்லே இது" என்று என் கையைப் பிடித்துச் சொன்னாய். வருகிற மாசியோடு இருபத்திரண்டு வருஷம். அதன்பிறகு என்னோடு நீ பேசவில்லை.

மலரில் என்ன எழுதியிருக்கிறாய்? 'அது பிளவுதான் என்று மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் நாற்பது பயணிகளோடு நானும் என்றோ இந்தப் பட்டியலில் சேர்ந்திருப்பேன். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.'

மறுநாளே தெரியுமா? தெரிந்துமா என் மகள் கல்யாணத்துக்கு வராமல் இருந்தாய்? உன் அம்மா திதியன்று வருஷம் தவறாமல் நான் பட்டினி கிடக்கிறேன், தெரியுமாலே உனக்கு? படிக்கப் படிக்க ஆத்திரமாக வருகிறது. இருந்தாலும் தினமும் எடுத்துப் படிக்கிறேன்.

மற்றவர்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறாய். புயல் நாளில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நூர் நிஷா அம்மா குரல் கொடுக்காவிட்டால் நீங்கள் பாதிப்பேர் இறங்கியிருக்க மாட்டீர்கள். பாராசூட் மடிக்கும்போது பொன்னுச்சாமி பக்கத்தில் ஒருவரையும் பேசவிட மாட்டார் என்பதும் சரி. பாவம், அவர்கள் படிக்கப் போவதில்லை. நான் படித்துவிட்டேன், அதுதான் உனக்குச் சங்கடம்.

பெயரா, குறிப்பா என்று என்னைக் கேட்காதே. உயிரோடு இருக்கிறவனிடம் அதைச் சொல்ல முடியாது என்றால் முழுவதையும் அடித்துவிடு.

கருத்தம்மாள் ஒன்று கேட்கச் சொன்னாள். "ஒருத்தரும் அழுகலையே, தோசம் அப்படியேல்ல நிக்கிது. எழுதுன அண்ணனாச்சும் அழுதாகளான்னு கேளுங்க." கேட்டுவிட்டேன்.

தங்கசாமி


சென்னை
27.1.2025

தங்கசாமி,

இன்று அச்சுக்குப் போகும் திருத்தம் இது:

'மலரின் பதினேழாம் பக்கத்தில் மறைந்தவராகக் குறிப்பிட்ட திரு. தங்கசாமி, கமுதியில் நலமாக இருக்கிறார். அது ஒன்றுதான் தவறு. அவரைப் பற்றி எழுதிய மற்ற வரிகள் அனைத்தும் உண்மை.'

கீழே என் கையெழுத்தும் உண்டு.

கல்யாணத்துக்கு வராததற்குச் சாக்கு ஒன்றும் இல்லை. நாள் போகப் போக வெட்கமாகிவிட்டது, அவ்வளவுதான். அம்மா திதிக்கு அபிராமம் வருகிறேன். அன்று நீயும் கருத்தம்மாளும் வர வேண்டும். பட்டினி கிடந்தது போதும், எங்கள் வீட்டில் சாப்பிடு.

கருத்தம்மாளிடம் சொல். பதினேழு பேருடைய குறிப்பை அச்சகத்தில் யுவராணிக்கு நான்தான் படித்துச் சொன்னேன், அவள் தட்டச்சு செய்தாள். உன்னுடையதை மூன்று வரிக்கு மேல் படிக்க முடியவில்லை. தாளை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் அழுதேன். தோஷம் மார்கழியிலேயே கழிந்துவிட்டது.

உன்
தர்மராஜ்