வெட்டி எறிந்த வரிகள்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நலம். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா? போனில் நீ அழுதாய். அழுகிறவளிடம் எனக்குப் பேச வராது, அதனால்தான் கடிதம்.

அவர் வேலையே போய்விடும்போல இருக்கிறது, ஏதாவது செய்யக்கா என்றாய். என்ன நடந்தது என்று அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

கணினியின் நினைவகத்தை ஒரு சினிமா கொட்டகை என்று வைத்துக்கொள். பாதி நாற்காலிகள் காலி, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார வந்தால் இடமில்லை. மற்றவர்களை எழுப்பி மாற்றி உட்கார வைக்கலாம். காலில் கட்டுப் போட்டவரை நகர்த்த முடியாது. அப்படிப்பட்டவர்களுக்குத் தனி வரிசைகள். அவை நிரம்பினால் இன்னொரு வரிசையை முழுதாக அவர்களுக்கே விட வேண்டும். கண்ட இடத்தில் ஒருவரைச் செருகினால் அந்த வரிசையும் கெட்டது. இயங்குதளத்தின் மையமான கர்னலுக்காக நான் எழுதியது இதைத்தான்.

பார்த்துத் தருகிறேன் என்று வாங்கிப்போன உன் வீட்டுக்காரர், முழு வரிசையை ஒதுக்கும் பகுதியை வெட்டி எறிந்தார். வேகம் கூடியதாம். அப்போதுதான் தொடங்கிய இயந்திரத்தில் சோதித்தால் கூடாமல் என்ன செய்யும்? கொட்டகை திறந்ததும் எல்லாம் காலிதானே! தன் பெயரைப் போட்டுக்கொண்டு கம்பெனி விழாவில் மேடையேறினார். என்னைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "பொண்டாட்டியோட அக்கா, கொஞ்சம் டைப் அடிச்சுக் குடுத்தாங்க" என்றாராம். மண்டபமே சிரித்ததாம்.

அவர் வெட்டியதை நான் அன்றே பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. வாரக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் இயந்திரங்கள் காட்டிக்கொடுக்கும் என்று தெரியும். இப்போது பாதி நினைவகம் காலியாக இருக்கும்போதே இடமில்லை என்று ஒவ்வொன்றாகச் செயலிழந்து விழுகின்றன. நேற்று அவர் போனில் அக்கா, அக்கா என்று குழைந்தார். நான் நிதானமாகக் காப்பி ஆற்றினேன். அவ்வளவு ருசியாகக் குடித்து நாளாகிறது.

திருத்தம் என்னிடம் தயார். அதே மேடையில், அதே ஆட்கள் முன்னால், எழுதியது யார் என்று அவர் வாயால் சொல்லட்டும். அடுத்த நிமிடம் அனுப்புகிறேன். அதுவரை வேலை போனாலும் எனக்குக் கவலையில்லை.

உன் வீட்டில் உலை கொதிக்காமல் போக விடமாட்டேன். குழந்தைகளோடு நன்றாக இரு. மண்டபம் சிரித்த அன்று நீ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாயாம். நீ சிரிக்கவில்லை என்று ஒரு வரி எழுது. பொய்யானாலும் பரவாயில்லை, எழுது.

உன் அக்கா