மணல்மேட்டில் ஒரு புள்ளி

இன்று காலை மொட்டை போட்ட கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் நம் ஸ்டூடியோவுக்கு வந்தது. கோயில் மலையிலிருந்து நேரே இறங்கி வந்திருக்கிறார்கள். குழந்தையின் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. வாசனை கடை முழுக்கப் பரவியது. குழந்தையின் அப்பா சுவரில் மாட்டியிருக்கும் உன் பாலைவனப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூப்பரா கீதுங்க. நீங்க எடுத்ததா?"

"இல்லைங்க, என் கூட்டாளி."

வழக்கம்போல வயிறு எரிந்தது. நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இந்த எரிச்சலை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

நீ அம்மையார்குப்பம், நான் திருத்தணி. ஒட்டுமில்லை, உறவுமில்லை, ஆனாலும் மச்சானைக் கூப்பிடுவதுபோல என்னை "பாவா" என்றுதான் கூப்பிடுவாய். ஒரு வருடம், மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்று கடையைச் சாத்திவிட்டு இருவரும் ஜெய்சல்மேர் பாலைவனத்துக்கு ரயிலேறினோம். என்னிடம் புதுக் கேமரா. உன்னிடம் கல்யாண மண்டபங்களில் இடிபட்ட பழசு. இந்த முறையாவது உன்னை மிஞ்சிவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன்.

முதல் நாள் என் படங்களில் மணல் சாம்பலாக வந்தது. உன்னுடையதில் பளீரென்று இருந்தது. என் கேமராவை வாங்கிப் பார்த்துச் சிரித்தாய்.

"இன்னா பாவா, மலை மேல எத்தினி மொட்டை எடுத்துக்கீறோம்! உச்சி வெயில்ல சந்தனம் பூசின தலையப் பாத்தா கேமரா பயந்துகினு இருட்டாக்கிடும். நாம வெளிச்சத்த ஒரு ஸ்டாப் ஏத்துவோமில்ல? இந்த மணலும் அதே மொட்டைதான்."

அதே மலை, அதே மொட்டைகள், அதே வெயில். உனக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை? அன்று உன்னோடு சேர்ந்து டீ குடிக்கக்கூடப் பிடிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், உனக்கு முன்னால் உச்சியைப் பிடித்துவிட வேண்டும் என்று பெரிய மணல்மேட்டின் பின்பக்கமாக ஓடி ஏறினேன். நீ அடியிலேயே குப்புறப் படுத்துவிட்டாய். வெயில் சாய்ந்து மேட்டின் ஒரு பக்கம் நிழலாகும்வரை அசையவில்லை. பிறகு கத்தினாய்: "பாவா, அங்கியே நில்லு! நவுராத!" பாம்போ தேளோ என்று பயந்து மூச்சுவிடாமல் நின்றேன்.

அந்தப் படம்தான் இது. கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் மணல் விளிம்பு, ஒரு புறம் பொன், மறு புறம் இருள், மேலே ஒரு கீற்று வானம். விளிம்பின் மேல் கறுப்பாக ஒரு புள்ளி, அது நான். "வெறும் மணல எடுத்தா அது எம்மாம் பெருசுன்னு எவனுக்குத் தெரியும்? ஒரு ஆள் வேணும் பாவா" என்றாய். நான் உச்சியிலிருந்து எடுத்ததில் எல்லாம் என் காலடிகளே தெரிந்தன. சென்னையில் இந்தப் படத்துக்கு உனக்குப் பரிசு கொடுத்தபோது முதலில் கைதட்டியது நான்தான். பொறாமையில் கை வலிக்கும்வரை தட்டினேன்.

நீ போன பிறகு வந்த மார்கழியில் நான் மட்டும் போனேன். மணலை மிதிக்காமல் அடியில் படுத்தேன். வெயில் சாயக் காத்திருந்தேன். நீ சொன்னபடி வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் ஏற்றினேன். மணல் பொன்னாகவே வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், விளிம்பு வெறுமையாகக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் யாருமில்லை. டைமரை வைத்துவிட்டு நானே ஓடலாம் என்றால் படம் முழுக்க என் காலடிதான் விழும்.

இன்று காலை கடையிலிருந்து கிளம்பும்போது அந்தக் குழந்தையின் அப்பா மறுபடியும் உன் படத்தைப் பார்த்தார். "அந்த மேட்டு மேல நிக்கிறது யாருங்க?"

"நான்தாங்க" என்றேன்.

உன் படத்தில் நிற்க ஓர் ஆள் இருந்தானடா, எனக்கு இல்லை. பரிசை நீயே வைத்துக்கொள். இன்று என் வயிறு எரிவது அந்த ஓர் ஆளுக்குத்தான்.